சாத்திர தானமும் ஆயிரம் சுவடிகளும்

ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானத்தின் அருமையை அச்சில்லாக் காலமே நன்குணர்ந்திருந்தது. நம் கிருஷ்ணகிரிச் சீமையை அடுத்த கன்னட நாட்டில், பத்தாம் நூற்றாண்டில், போரில் கணவனை இழந்த அத்திமப்பே என்னும் சமணப் பெருமாட்டி, பொன்னன் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் படிகள் எழுதுவித்து வழங்கினார். ‘தானசிந்தாமணி’ எனப் புகழப்பெற்றார். ஓலை, கரையானுக்கும் ஈரத்துக்கும் இரையாவது. மீண்டும் மீண்டும் படியெடுக்கப்படாத நூல் மறைந்தொழியும். நம் வளையாபதியில் எழுபதுக்குச் சற்று மேற்பட்ட செய்யுட்களே எஞ்சின என்பதை எண்ணுக! சீவக சிந்தாமணி தப்பியது. அதனை உ.வே. சாமிநாதையர் 1887இல் பதிப்பித்தபோது, குடந்தைச் சமணர்கள் சமயப் பொருளை விளக்கி உதவினர். இவ்விழாவில் சிறுவர்க்கு இனிப்போடு நாலடியாரும், மணமக்களுக்குச் சிந்தாமணியும் அளிக்கலாம். ஆயிரம் படிகள் வேண்டா, வீட்டுக்கு ஒன்று போதும்.