சிவப்பு வயர், கறுப்பு வயர்

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிச் சொருகினால் உடனே தெரிந்துவிடும். பேஸ் காணாமல் போகும், பாடுகிறவரின் குரல் நடுவில் நிற்காமல் அறை முழுக்க அலையும். இரண்டு ஸ்பீக்கரிலும் சேர்த்து மாற்றினால்? பேஸ் இருக்கும், குரலும் நடுவிலேயே நிற்கும். ஆனால் டிரம் அடி விழும்போது காற்றை நம் பக்கம் தள்ள வேண்டிய கூம்பு, இப்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். பதிவின்போது மைக்கை அழுத்திய காற்று, வீட்டில் உறிஞ்சும் காற்றாக மாறியிருக்கும். இதைத்தான் ‘அப்சல்யூட் போலாரிட்டி’ என்கிறார்கள். ஆடியோக்காரர்கள் பேச்சுவழக்கில் ‘ஃபேஸ்’ என்று சொல்லிவிடுவார்கள். நம்மூர் எலக்ட்ரீஷியனிடம் அந்த வார்த்தையைச் சொன்னால் டெஸ்டரை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

இது காதுக்குத் தெரியுமா, தெரியாதா? இந்தச் சண்டைக்கு வயது நூற்றெண்பது இருக்கும்.

1840களின் ஜெர்மனி. ஆகஸ்ட் ஸீபெக் என்பவர் ஓட்டை போட்ட தட்டைச் சுழலவிட்டு, அதன்மேல் காற்றை ஊதி ஒலி எழுப்பிக்கொண்டிருந்தார். சைரன்தான். ஓட்டைகளின் இடைவெளியை மாற்றி மாற்றிக் கேட்டதில் ஒரு விசித்திரம் தெரிந்தது: கணக்குப்படி மிகப் பலவீனமாக இருக்க வேண்டிய கீழ் ஸ்வரம், காதில் பலமாகக் கேட்டது. மின்தடை விதியால் நமக்குத் தெரிந்த அதே ஓம், 1843இல் வேறொன்று சொன்னார். காது ஒலியை எளிய அலைகளாகப் பிரித்து, எது எவ்வளவு என்று மட்டும் பார்க்கிறது. ஸீபெக் கேட்டது வெறும் பிரமை. ஸீபெக் விடவில்லை. காதில் கேட்பதைக் காதைத் தவிர வேறு யார் தீர்மானிப்பது என்பதுதான் அவர் வாதத்தின் சாரம். 1849இல் அவர் இறந்துபோனார், நாற்பத்து சொச்சம் வயதில்.

1863இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஓமின் பக்கம் நின்றார். மின்காந்தத்தால் அதிரும் இசைக்கவைகளை வரிசையாக வைத்து, அவற்றின் ஃபேஸை மாற்றிப் பார்த்து, ஒலியின் நிறம் மாறவில்லை என்று எழுதினார். நியாயமாகச் சொன்னால், அவர் ஒரு சின்னக் கதவைத் திறந்தேதான் வைத்திருந்தார். இசை ஒலியின் கீழ்ப் பகுதிகளுக்குத்தான் இந்த முடிவு, இரைச்சலுக்கும் மிக உயர்ந்த பகுதிகளுக்கும் அல்ல. அவர் பெயரைச் சொல்லிப் பேசியவர்கள் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். ‘காதுக்கு ஃபேஸ் தெரியாது’ என்பது பாடப்புத்தக வாக்கியமாயிற்று. போலாரிட்டியைத் திருப்புவது என்பது எல்லா அலைகளையும் 180 டிகிரி புரட்டுவது. அப்படியென்றால் அதுவும் தெரியாது, விஷயம் முடிந்தது.

முடியவில்லை. மனிதக் குரலின் அலையை வரைந்து பாருங்கள். மேலே ஒரு உயரம், கீழே வேறு உயரம். டிரம்பெட்டும் அப்படித்தான். ஏஎம் வானொலி எஞ்சினியர்களுக்கு இது அன்றாடப் பிரச்சினை. அலை கீழே நூறு சதவீதத்துக்குமேல் போக முடியாது, கேரியரே காணாமல் போய்விடும். மேலே 125 வரை போகலாம் என்று அமெரிக்க விதி அனுமதித்தது. ஆகவே அறிவிப்பாளர் குரலின் உயரமான பக்கம் மேல்நோக்கி வருகிறதா என்று பார்த்து வயரைத் திருப்புவார்கள். குரலுக்கு ஒரு திசை உண்டு என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

காதுக்கும் திசை உண்டு. உள்காதின் மயிர்ச் செல்கள் ஒரு பக்கம் சாய்ந்தால் நரம்பு துடிக்கும், மறுபக்கம் சாய்ந்தால் அடங்கும். 1965இல் பாஸ்டனில் நெல்சன் கியாங் பூனைகளின் செவி நரம்பிலிருந்து எடுத்த பதிவுகளில், அழுத்தும் ‘க்ளிக்’குக்கும் உறிஞ்சும் ‘க்ளிக்’குக்கும் நரம்பு துடிக்கும் நேரம் வேறுவேறாக இருந்தது. 1982இல் கனடாவின் வாட்டர்லூ பல்கலையில் லிப்ஷிட்ஸ், போகாக், வாண்டர்கூய் மூவரும் சமச்சீரற்ற ஒலிகளில் போலாரிட்டி மாற்றம் கேட்கிறது என்று எழுதினார்கள். 1988இல் கிளார்க் ஜான்சன் ‘தி வுட் எஃபெக்ட்’ என்று ஒரு புத்தகமே போட்டார். அவர் குரலில் கொஞ்சம் மதமாற்ற ஆவேசம் உண்டு. 1994இல் கிரெய்னர், மெல்ட்டன் இருவரும் நிதானமாகச் சொன்னது எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது: சில ஒலிகளில், சில வாத்தியங்களில் தெரியும்; சாதாரண இசையில் பிடிப்பது கஷ்டம்.

தெரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். சவுண்டைக் கெடுக்காமல் எப்படித் திருப்புவது? சோதனையின் நேர்மையே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. ப்ரீஆம்ப்பில் சுவிட்ச் வைத்து, அது அழுத்தும்போது கூடுதலாக ஒரு சர்க்யூட் உள்ளே வந்தால், நீங்கள் கேட்கும் வித்தியாசம் போலாரிட்டியுடையதா, அந்தச் சர்க்யூட்டினுடையதா? அந்தக் காலத்தில் சத்தியம் செய்து சொன்ன பலர் இரண்டாவதைத்தான் கேட்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம். ஸ்பீக்கர் கூம்பும் முன்னே ஒரு மாதிரி, பின்னே ஒரு மாதிரி நகரும் என்பதால், வித்தியாசம் காதில் இல்லாமல் ஸ்பீக்கரிலேயே பிறந்திருக்கவும் வாய்ப்புண்டு.

வயரைக் கழற்றி மாட்டுவது சுத்தமான வழி. எதுவும் கூடுவதில்லை, முதுகுதான் வலிக்கும். வால்வ் ஆம்ப்பில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்கு உள்ளே கை வைக்கக் கூடாது. அங்கிருந்து ஃபீட்பேக் போகிறது. திருப்பினால் ஆம்ப் ஊளையிடும். பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆரில் நேர், எதிர் இரண்டு பிரதிகளும் ஏற்கெனவே ஓடுவதால் 2, 3 பின்களை இடம் மாற்றினால் போதும். இதிலும் ஒரு வேடிக்கை. 2ஆம் பின்தான் நேர் என்று அமெரிக்காவின் ஏஇஎஸ் 1992இல்தான் முடிவுசெய்தது. அதுவரை அங்கே பல கருவிகளில் 3ஆம் பின். ஜேபிஎல் பல பத்தாண்டுகளாக, சிவப்பில் நேர் மின்னழுத்தம் கொடுத்தால் கூம்பு உள்ளே போகும்படி ஸ்பீக்கர் செய்தது. எத்தனை பேர் தலைகீழாகக் கேட்டு ரசித்தார்களோ!

டிஜிட்டல் வந்த பிறகு விஷயம் சுலபம். 1982இல் வந்த சிடியில் ஒவ்வொரு சாம்பிளும் −32768இலிருந்து 32767க்குள் ஓர் எண். கூட்டலைக் கழித்தலாக்கினால் போதும், எதுவும் தொலையாது. ஒரே விதிவிலக்கு −32768. அதற்குக் கூட்டல் பக்கம் ஜோடி இல்லை. ஒரு படி குறைத்துக்கொள்ள வேண்டும். 65,536 படிகளில் ஒன்று. அதைக் கேட்டேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு எது ‘சரி’யான பக்கம்? இருபது மைக் வைத்துப் பதிந்த பாட்டில் ஸ்நேரின் மேலே ஒன்று, கீழே ஒன்று. எஞ்சினியர் ஒன்றைத் திருப்பியிருப்பார். அந்தப் பாட்டுக்கு ஒற்றைப் போலாரிட்டி என்று எதுவும் இல்லை. ஒரே குரல், ஒரே மைக் என்றால்தான் கேள்விக்கே அர்த்தம்.

அப்படி ஒரு பதிவைப் போட்டு, நண்பனை ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் உட்காரவைத்தேன். காசைச் சுண்டிப் பார்த்து மாற்ற வேண்டும், என்னிடம் சொல்லக் கூடாது. “டேய், மாத்திட்டியா?” “நீதான சொல்லணும்.” முதல் நான்கு தடவை சரியாகச் சொன்னேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. அடுத்த ஆறில் நான்கு தப்பு. “இன்னும் பத்து தடவை பாக்கலாமா?” என்றேன். அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து டீ குடிக்கக் கிளம்பினான்.