என்கேயின் வால்வெள்ளி

வானத்திலே எதிர்பாராது தோன்றி மறையும் வால்வெள்ளியைப் பண்டைத் தமிழர் புகைக்கொடி என்றும், வடநூலார் தூமகேது என்றும் வழங்கினர். நாடு பலவற்றிலும் அது தீநிமித்தமாகவே கருதப்பட்டது. ஞாயிறும் திங்களும் கோள்களும் ஒழுங்கு தவறாது இயங்க, இஃதொன்றே நியதிக்கு அடங்காது திரிவது போலத் தோன்றியமை அவ்வச்சத்துக்கு ஒரு காரணமாகும். அந்நியதியின்மை வெறுந் தோற்றமே என்பதை எட்மண்ட் ஹாலி 1705 ஆம் ஆண்டிலே எடுத்துக்காட்டினார். 1531, 1607, 1682 ஆகிய ஆண்டுகளில் தோன்றியது ஒரே வால்வெள்ளி என்றும், அது 1758 ஆம் ஆண்டளவில் மீளும் என்றும் அவர் கணித்தார். அவர் 1742 இல் மறைந்தார்; அவர் கூறிய வால்வெள்ளியோ 1758 ஆம் ஆண்டு நத்தார்த் தினத்தன்று காணப்பட்டது. இது நியூற்றனின் ஈர்ப்பு விதிக்குக் கிடைத்த பெருவெற்றியாயிற்று. ஆயினும், வால்வெள்ளியின் உள்ளியல்பை அறிதற்கு வழிகாட்டியது, அவ்விதிப்படி செய்த கணிப்புக்கு முற்றும் இணங்காத வேறொரு சிறு வால்வெள்ளியே. அதுவே என்கேயின் வால்வெள்ளி.

இவ்வால்வெள்ளியை 1786 ஆம் ஆண்டு தை மாதத்திலே பாரிஸ் நகரில் மெஷேன் என்பார் முதலிற் கண்டார். 1795 இல் இங்கிலாந்திலே காரொலின் ஹேர்ஷல் அம்மையார் அதனைக் கண்டார். 1805 இல் அதனைக் கண்டவருள் ஒருவர் பொன்ஸ் என்பவர். மார்செய் நகரத்து அவதான நிலையத்திலே வாயில் காவலராகச் சேர்ந்து, தம் முயற்சியாலேயே வானியல் பயின்று, முப்பதுக்கும் மேற்பட்ட வால்வெள்ளிகளைக் கண்டறிந்த பெருமை அவருக்குரியது. 1818 ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில் அவரே மீண்டும் அதனைக் கண்டார். ஆனால் இந்நான்கு முறையுந் தோன்றியது ஒரே பொருள் என்பதைக் கண்டவர் எவரும் அப்போது அறிந்திலர்.

அதனை அறிந்தவர் கண்ணாற் கண்டவரல்லர்; கணித்தவரே. ஜேர்மனியிலே கௌஸ் என்னும் கணிதப் பேரறிஞரிடம் பயின்ற யோகான் பிரான்ஸ் என்கே, 1818 ஆம் ஆண்டின் அவதானங்களைக் கொண்டு ஒழுக்கைக் கணித்தபோது, அது ஏறத்தாழ 3.3 ஆண்டுகளில் ஞாயிற்றை ஒருமுறை சுற்றிவருவது புலனாயிற்று. ஹாலியின் வால்வெள்ளி சுற்றிவர ஏறத்தாழ 76 ஆண்டுகள் செல்லும் என்பதை நோக்க, இக்குறுங்காலம் பெருவியப்பை விளைவித்தது. 1822 இல் அது மீளும் என்றும், தென்னரைக் கோளத்திலேயே நன்கு காணப்படும் என்றும் என்கே முன்னறிவித்தார். அவ்வாறே, அவுஸ்திரேலியாவின் பரமட்டாவில் ஆளுநர் பிரிஸ்பேன் நிறுவிய அவதான நிலையத்திலிருந்து றும்கர் என்பார் 1822 ஆம் ஆண்டு ஆனி 2 ஆந் திகதி அதனைக் கண்டார். முன்னறிவித்தபடி மீண்ட வால்வெள்ளிகளுள் இஃது இரண்டாவதாகும். பின்னையோர் இதற்கு என்கேயின் பெயரையே சூட்டினர்; அவரோ அதனைப் பொன்ஸின் வால்வெள்ளி என்றே குறிப்பிட்டு வந்தார்.

முன்னறிவிப்புப் பலித்தவிடத்தும் என்கே மனநிறைவு கொண்டாரல்லர். கோள்களின் ஈர்ப்பையெல்லாம் கணக்கிற் சேர்த்த பின்னும் ஒரு வேறுபாடு எஞ்சி நின்றது. வால்வெள்ளி ஒவ்வொரு சுற்றிலும் கணித்த காலத்துக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் முந்தியே ஞாயிற்றண்மை நிலையை அடைந்தது. மூவாண்டுக்கும் மேற்பட்ட பயணத்தில் இரண்டரை மணி நேரம் மிகச் சிறிதேயாயினும், அது சுற்றுத்தோறும் ஒரே திசையில் நிகழ்ந்தமையின் அவதானப் பிழையென்று தள்ளத்தக்கதன்று. எனவே, வான்வெளியிலே நுண்ணியதொரு பொருள் பரந்து இயக்கத்தைத் தடுக்கின்றது என்று என்கே கொண்டார். தடையாற் காலம் குறைவது முரண்போலத் தோன்றலாம். ஆனால் தடையுற்ற பொருள் ஞாயிற்றை நோக்கிச் சரிகின்றது. அதனால் ஒழுக்குக் குறுகுகின்றது. குறுகிய ஒழுக்கிலே சுற்றுக்காலமுங் குறைகின்றது. அத்தகைய பொருள் உண்மையிலேயே பரந்திருப்பின், எண்ணற்ற ஊழிகளின் பின் கோள்களும் ஞாயிற்றை அணுக நேரும். ஆதலின் ஒரு சிறு வால்வெள்ளியின் இரண்டரை மணி நேரம், ஞாயிற்றுத் தொகுதி நிலைபேறுடையதா என்னும் பெருவினாவையே எழுப்பிற்று.

பெசல் என்பார் வேறு கருத்துடையவர். 1835 இல் மீண்ட ஹாலியின் வால்வெள்ளியிலிருந்து ஞாயிற்றை நோக்கி ஒளித்தாரைகள் பீறிட்டதைக் கண்ட அவர், அவ்வாறு வெளிப்படும் பொருளின் எதிர்த்தாக்கமே சுற்றுக்காலத்தை மாற்றவல்லது என 1836 இல் எழுதினார். அக்கருத்து அன்று வேரூன்றவில்லை. காலப்போக்கில் தடைப்பொருட் கொள்கைக்கும் இடர் நேர்ந்தது. என்கேயின் பின் இவ்வால்வெள்ளியைப் பன்னெடுங்காலம் ஆராய்ந்த பாக்லுண்ட் முதலியோர், அதன் முந்துகை வரவரக் குறைந்து வருதலைக் கண்டனர். ஹாலியின் வால்வெள்ளியோ சுற்றுத்தோறும் ஏறத்தாழ நான்கு நாள் பிந்துவது அறியப்பட்டது. எங்கும் பரந்த தடைப்பொருள் ஒன்றை முந்தவும் மற்றொன்றைப் பிந்தவும் செய்தல் இயலாது.

இப்புதிரை 1950 ஆம் ஆண்டிலே அமெரிக்க வானியலறிஞர் பிரெட் விப்பிள் விடுவித்தார். வால்வெள்ளியின் கரு பனிக்கட்டியுந் தூசியுங் கலந்த திண்பொருள் என்றும், அது தன்னைத்தானே சுழல்வது என்றும் அவர் கூறினார். நிலத்திலே உச்சிப்பொழுதினும் பிற்பகலிலேயே வெப்பம் மிகுவது போல, கருவின் பிற்பகற் பக்கத்திலேயே பனி மிகுதியாக ஆவியாகும். ஆவி ஒருபுறம் பீறிடக் கரு மறுபுறம் தள்ளப்படும். சுழற்சித் திசை ஒழுக்கியக்கத் திசையோடு ஒத்தால் வால்வெள்ளி பிந்தும், மாறுபட்டால் முந்தும். சுழலச்சு மெல்லத் திசை மாறுவதே முந்துகை குறைதற்குக் காரணம் என விப்பிளும் செக்கனினாவும் 1979 இல் விளக்கினர். 1986 இல் ஜியோட்டோ விண்கலம் ஹாலியின் கருவையும், அதன் ஞாயிறு நோக்கிய பக்கத்திற் பீறிட்ட தாரைகளையும் படம்பிடித்தது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் பெசல் எண்ணியது அவ்வாறு கண்கூடாயிற்று.

ஒழுக்கின் வரலாறு இவ்வாறாக, ஒளியின் வரலாறு வேறுவகையில் அறிவூட்டுவது. ஆவியாகும் பனி குறைந்துகொண்டே போமாயின் வால்வெள்ளியும் மங்குதல் வேண்டும். அவ்வாறே என்கேயின் வால்வெள்ளி விரைந்து மங்குகின்றது என்றும், அதன் முடிவு அணித்து என்றும் 20 ஆம் நூற்றாண்டிற் சிலர் கருதினர். ஆனால் ஒளியை அளத்தல் காலத்தை அளத்தல் போன்று எளிதன்று. வால்வெள்ளி உடுவைப்போற் புள்ளியாகத் தோன்றாது. பரந்த மங்கலாகத் தோன்றுவது. பெருந் தொலைகாட்டியில் அம்மங்கலின் விளிம்புகள் கண்ணுக்குத் தப்புதலின், அதே வால்வெள்ளி சிறு கருவியிற் கண்டதினும் மங்கியதாக மதிப்பிடப்படும். கருவிகள் காலந்தோறும் பெருகியமையின், மங்கியது வால்வெள்ளியா, மதிப்பீடா என்னும் ஐயம் எழுந்தது. இதனைக் களைய, ஒப்பிடும் உடுக்களைக் குவியம் தவறச் செய்து, வால்வெள்ளியின் அளவுக்குப் பரப்பிப் பார்க்கும் முறை கையாளப்பட்டது. மேலும், பத்துச் சுற்றுக்கள் ஏறத்தாழ 33 ஆண்டுகளாதலின், அக்கால இடையீட்டிலே புவி, ஞாயிறு, வால்வெள்ளி மூன்றும் ஏறக்குறைய முன்னிருந்த அமைப்பிலேயே மீண்டும் அமைகின்றன. அத்தகைய வருகைகளையே ஒப்பிடுதல் முறையாகும். அவ்வாறு ஆராய்ந்தவிடத்து, முன்னர்க் கூறப்பட்ட பெருமங்கலிற் பெரும்பகுதி அவதான வேறுபாட்டால் விளைந்ததே எனத் தெளிவாயிற்று. அழியும் என்று அஞ்சப்பட்ட வால்வெள்ளி 2023 ஆம் ஆண்டு ஐப்பசியிலும் ஞாயிற்றை அணுகிச் சென்றது.

1818 முதல் இன்றுவரை, உலகப்போர் நிகழ்ந்த 1944 ஆம் ஆண்டின் வருகையொன்று நீங்கலாக, இவ்வால்வெள்ளியின் மீள்வுகள் அனைத்தும் அவதானிக்கப்பட்டுள்ளன. என்கேயின் தடைப்பொருட் கொள்கை வீழ்ந்தது. அவர் குறித்த இரண்டரை மணி நேரமோ வீழவில்லை. பின்வந்தோர் புதிய விளக்கத்தை எழுப்பியது அவ்வெண்ணின் மீதேயாம். ஒளியின் மதிப்பீட்டிலோ, எவ்வாறு அளந்தனர் என்பது ஒருசீராகக் குறிக்கப்படாமையின், பல்லாண்டு உழைப்பும் பிழைபட்ட முடிவுக்கு இடந்தந்தது. கொள்கைகள் மாறுவன, முறையறிந்து செய்த அளவீடு தன்னை விளக்கிய கொள்கைக்குப் பின்னும் வாழும். வாயில் காவலர் ஒருவரின் கண்ணும் கணிதவல்லார் ஒருவரின் எழுதுகோலும் ஒரு மங்கலான ஒளித்துளியைக் கைவிடாது தொடர்ந்தமையாலேயே, மக்கள் அஞ்சிய புகைக்கொடி சுழலும் பனிக்கருவென அறியப்பட்டது.