ஃபிரான்டெரா சிறையின் மூன்று பெண்கள்

லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே, பால்பண்ணைகள் சூழ்ந்த சமவெளியில் 1952-இல் ஒரு பெண்கள் சிறை திறந்தார்கள். பார்க்கக் கல்லூரி வளாகம் போலவே இருக்கும். தண்டனையைவிடத் திருத்தம் பெரிது என்று நம்பிய காலம் அது. புது வாழ்வின் எல்லைக்கோடு என்னும் பொருளில் ‘ஃபிரான்டெரா’ என்று பெயரும் வைத்தார்கள்.

அந்த நம்பிக்கைக்குக் கடும் சோதனை 1971-இல் வந்தது. சூசன் அட்கின்ஸ், பாட்ரிசியா கிரென்விங்கல், லெஸ்லி வான் ஹூட்டன் ஆகிய மூவரும் மரண தண்டனைக் கைதிகளாக அங்கே வந்து சேர்ந்தார்கள். மூவருக்காகவே சிறைக்குள் தனிக் காவல் பிரிவு ஒன்று அமைக்கப்பட்டது.

1969 ஆகஸ்ட் 9 அதிகாலையில் நடிகை ஷாரன் டேட்டும் அவர் வீட்டில் நால்வரும் கொல்லப்பட்டார்கள். ஷாரன் எட்டரை மாதக் கர்ப்பிணி. அன்று அட்கின்ஸும் கிரென்விங்கலும் அங்கே இருந்தார்கள். அடுத்த இரவு மளிகைக் கடைகள் நடத்திவந்த லீனோ லாபியாங்காவும் மனைவி ரோஸ்மேரியும் கொல்லப்பட்டபோது, கிரென்விங்கலோடு வான் ஹூட்டன் இருந்தார். வான் ஹூட்டனுக்கு வயது 19. மற்ற இருவருக்கும் 21.

ஏவியவன் சார்லஸ் மான்சன். 1967 மார்ச்சில் சிறையிலிருந்து வெளியே வந்து, கிடாரும் பேச்சுமாக இளம்பெண்களைச் சேர்த்தவன். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த கிரென்விங்கல், வரவேண்டிய சம்பளத்தைக்கூட வாங்காமல் அவனோடு கிளம்பிவிட்டார். பழைய கௌபாய்ப் படங்களுக்காகப் போட்ட செட்டுகள் நின்ற ஸ்பான் பண்ணைதான் குழுவின் குடியிருப்பு. அங்கே கடிகாரம் கிடையாது. எல்.எஸ்.டி. போதைப்பொருள் தாராளம். சூப்பர் மார்க்கெட் குப்பைத் தொட்டிகளில் வீசப்பட்ட காய்கறிகளைப் பொறுக்கிவந்து பெண்கள்தான் சமைத்தார்கள். சூசனுக்கு ‘சேடி’ என்று புதுப்பெயர் வந்தது. வீடு, சம்பளம், பெயர், மணி என்று ஒவ்வொன்றாக உரித்தெடுத்த பிறகு, கறுப்பரும் வெள்ளையரும் மோதும் இனப்போர் வரப்போகிறது என்ற அவன் பேச்சே அவர்களுக்கு வேதமானது.

ஆனாலும் அவர்களை வெறும் கருவிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. அதே பண்ணையில் வாழ்ந்து, இரண்டு இரவும் உடன் போன லிண்டா கசாபியன் சில நாட்களில் தப்பி ஓடினார். பின்னர் அரசுத் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏறினார். இந்த மூவரோ விசாரணைக்குப் பாடிக்கொண்டே வந்தார்கள். மான்சன் நெற்றியில் எக்ஸ் குறி கீறிக்கொண்டதும் தாங்களும் கீறிக்கொண்டார்கள்.

1972-இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் மரண தண்டனையைச் செல்லாததாக்க, தண்டனை ஆயுளாகக் குறைந்தது. அந்தக் காலத்தில்தான் கார்லீன் ஃபெய்த் என்ற ஆய்வு மாணவி பாடம் சொல்லிக்கொடுக்க அந்தப் பிரிவுக்குள் போனார். அவர் அங்கே கண்டது இதுதான்: மான்சனின் குரல் தலைக்குள் இருந்தவரை செய்தது கொலையென்றே அவர்களுக்கு உறைக்கவில்லை. அந்தக் குரல் ஓயப் பல ஆண்டுகள் ஆயின. ஓய்ந்த பிறகுதான் குற்றத்தின் பாரம் அவர்கள்மேல் இறங்கியது. இந்த வரலாற்றில் கொலை இரவுகளைவிட ஊன்றிப் படிக்க வேண்டிய ஆண்டுகள் இவை.

சுவருக்கு வெளியே வேறொரு தண்டனை நடந்துகொண்டிருந்தது. வான் ஹூட்டனை விடுவிக்கக் கூடாது என்று 1982-இல் ஷாரனின் தாய் டோரிஸ் டேட் சுமார் 3.5 லட்சம் கையெழுத்துகள் திரட்டினார். பாதிக்கப்பட்ட குடும்பத்தார் முன்விடுதலை விசாரணைகளில் பேசும் உரிமைக்காகவும் போராடினார். டோரிஸ் 1992-இல் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த இளைய மகள் பாட்டி டேட்டும் 2000-இல் இறந்தார். அடுத்து இன்னொரு மகள் டெப்ரா வந்தார்.

அட்கின்ஸ் மூளைப் புற்றுநோயோடு படுக்கையில் கிடந்தபடியே தன் கடைசி விசாரணைக்கு வந்தார். முன்விடுதலை கிடைக்கவில்லை. அதே மாதம், 2009 செப்டம்பரில், கைதியாகவே இறந்தார். சிறையிலேயே முதுகலைப் பட்டம் வரை படித்த வான் ஹூட்டன், மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பால் 2023 ஜூலையில் தம் 73-ஆவது வயதில் விடுதலையானார். சிறையில் உதவி நாய்களுக்குப் பயிற்சி தந்துவந்த கிரென்விங்கலை விடுவிக்கலாம் என்று 2022-இல் முன்விடுதலை வாரியம் பரிந்துரைத்தது. டெப்ரா எதிர்த்தார். ஆளுநர் அந்தப் பரிந்துரையைத் தள்ளுபடி செய்தார்.