நீரைத் தாங்கும் சுவர்: வீட்டு நீச்சற்குளத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

மன்னர்தம் வெற்றி தோல்விகளே வரலாறு எனக் கருதப்பட்ட காலம் மலையேறிவிட்டது. மனிதனின் அன்றாட வாழ்விற் பயன்படும் பொருள்களும், அவற்றை ஆக்கிய உழைப்பும், அவ்வுழைப்பின் பயனைத் துய்த்தவர் யாவர் என்னும் வினாவும் இன்று வரலாற்று ஆய்வின் எல்லைக்குள் அடங்குவனவாம். இவ்வகையில், வீட்டு முற்றத்தில் அமைக்கப்படும் நீச்சற்குளத்தின் கொங்கிறீற்றுக் கற்சுவரும் ஆய்வுக்குரிய ஒரு பொருளே. அச்சுவர் எவ்வாறு எழுந்தது, யாருக்காக எழுந்தது என்னும் இரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை.

வீட்டுச்சுவர் கூரையின் பாரத்தைக் கீழ்நோக்கித் தாங்குவது. குளத்தின் சுவரோ பக்கவாட்டில் வரும் விசையை எதிர்த்து நிற்பது. நீரின் அமுக்கம் ஆழத்தோடு கூடுகின்றது. 1 மீற்றர் ஆழமுள்ள நீர், சுவரின் ஒவ்வொரு மீற்றர் நீளத்தின் மீதும் ஏறத்தாழ அரைத் தொன் நிறைக்குச் சமமான விசையைச் செலுத்தும். ஆழம் 2 மீற்றராகுமிடத்து அவ்விசை ஏறத்தாழ 2 தொன்னாகின்றது. அதாவது, ஆழம் இருமடங்காக விசை நான்கு மடங்காகின்றது. சுவரை அடியோடு கவிழ்க்க முயலும் திருப்பமோ எட்டு மடங்காகின்றது. குளம் வெறுமையாகும்போது நிலைமை தலைகீழாகும். அப்பொழுது புறத்தேயுள்ள மண்ணும் நிலத்தடி நீரும் சுவரை உள்நோக்கித் தள்ளும். ஆகவே, இரு திசைகளிலிருந்தும் மாறிமாறி வரும் விசைகளைத் தாங்குதலே இச்சுவரின் தனித்தன்மை எனலாம்.

பண்டைக் கட்டடக்கலைஞர் இச்சிக்கலுக்குப் பருமனையே தீர்வாகக் கொண்டனர். சிந்துவெளியின் மொஹெஞ்சதாரோவில், கி.மு. மூன்றாம் ஆயிரவாண்டைச் சேர்ந்த பெருங்குளம் ஏறத்தாழ 12 மீற்றர் நீளமும் 7 மீற்றர் அகலமும் 2.4 மீற்றர் ஆழமும் உடையது. செங்கற்கள் ஜிப்சம் கலந்த சாந்தினால் நெருக்கமாகப் பிணைக்கப்பட்டன. நீர் கசியாவண்ணம் அவற்றின் பின்னே நிலக்கீற் படையொன்றும் இடப்பட்டது. அநுராதபுரத்து அபயகிரி விகாரையைச் சார்ந்த குட்டம் பொக்குண என்னும் இரட்டைக் குளங்கள் செதுக்கிய கருங்கற் பலகைகளால் அமைந்தவை. அவற்றுட் பெரியது ஏறத்தாழ 40 மீற்றர் நீளமுடையது. நீர் முதலிற் சிறு தொட்டியொன்றிற் புகுந்து, வண்டல் படிந்தபின் குளத்தைச் சேருமாறு அமைத்த நுட்பம் இன்றும் வியத்தற்குரியது. பெருந்தொகையான மனித உழைப்பை ஓரிடத்தே திரட்டவல்ல நகரோ சங்கமோ இன்றி இத்தகைய குளங்கள் தோன்றியிருத்தல் இயலாது. தனி மனிதன் தன் வீட்டுக்கென இத்தகைய ஒன்றை அமைப்பது அரசர்க்கும் பெருஞ்செல்வர்க்குமே கைகூடிற்று.

இந்நிலையை மாற்றியது சீமெந்தின் தோற்றமாகும். எடிஸ்ரன் கலங்கரை விளக்கத்தை 1756 முதல் 1759 வரை அமைத்த ஜோன் ஸ்மீற்றன், களிமண் கலந்த சுண்ணாம்புக் கல்லிலிருந்து பெறப்படும் சுண்ணாம்பு நீருக்குள்ளும் இறுகும் என்பதைக் கண்டறிந்தார். 1824இல் ஜோசப் அஸ்ப்டின் போட்லன்ட் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் கொங்கிறீற்று நெரிவிசையைத் தாங்குமளவுக்கு இழுவிசையைத் தாங்குவதில்லை. இக்குறையைப் போக்கும் வழியைப் பரவலாக்கியவருள் ஒருவர் ஜோசப் மொனியே என்னும் பிரெஞ்சுத் தோட்டக்காரராவர். இரும்புக் கம்பி வலை பொதிந்த சீமெந்துச் செடித்தொட்டிகளுக்கு அவர் 1867இற் காப்புரிமை பெற்றார். நீர்த்தொட்டிகளும் குழாய்களும் பின்னர் அதே முறையில் எழுந்தன. மேதைகளின் ஆய்வுகூடத்திலன்றி ஒரு தோட்டத்தின் தேவையிலிருந்து இம்முறை வளர்ந்தமை கருதத்தக்கது.

அடுத்த படி கொங்கிறீற்றுக் கல்லாகும். ஹார்மன் பாமர் என்னும் அமெரிக்கர் உட்குழிவுடைய கொங்கிறீற்றுக் கற்களை வார்க்கும் பொறிக்கு 1900இற் காப்புரிமை பெற்றார். இதனால் ஒருசிலரே கூடி, மணலும் சல்லியும் சீமெந்துங் கொண்டு, கட்டடம் எழும் இடத்திலேயே கல் வார்த்தல் சாத்தியமாயிற்று. தொடக்கத்தில் நிறையைக் குறைப்பதற்காக விடப்பட்ட குழிவு, பின்னர் வேறொரு பயனைத் தந்தது. 1933இற் கலிபோர்ணியாவின் லோங் பீச் பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கம் கம்பியற்ற கற்சுவர்களின் வலுவின்மையை வெளிப்படுத்திற்று. அதன்பின் கல்லின் குழிவுகளில் உருக்குக் கம்பிகளை நிறுத்திக் கொங்கிறீற்றால் நிரப்பும் முறை அங்கு வேரூன்றிற்று.

குளத்தின் சுவருக்கு ஏற்ற முறை இதுவே. முதலில் அத்திவாரமும் தளமும் வார்க்கப்படுகின்றன. அவற்றிலிருந்து கம்பிகள் மேல்நோக்கி நிறுத்தப்படுகின்றன. கற்கள் அக்கம்பிகளைச் சூழ வரிவரியாக, மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராதவாறு அடுக்கப்படுகின்றன. குறித்த வரிகளிற் கிடைக்கம்பிகள் இடப்பட்டபின் குழிவுகள் நிரப்பப்படுகின்றன. நீர் உள்ளிருந்து அமுக்கும்போது சுவரின் உட்புறமும், மண் வெளியிலிருந்து அமுக்கும்போது அதன் வெளிப்புறமும் இழுவிசைக்கு உட்படுகின்றன. குழிவின் நடுவே நிற்கும் கம்பி இரண்டுக்கும் ஓரளவு ஈடுகொடுக்கின்றது. கல் நுண்டுளைகள் உடையதாதலின், நீர்புகாச் சாந்துப் பூச்சு இன்றி இச்சுவர் குளமாகாது. நிரப்பிய கொங்கிறீற்று வலுப்பெறுமுன் புறத்தே மண்ணை இட்டு இறுக்குதல் பெருந்தவறாகும்.

காள் ஏக்லி என்னும் அருங்காட்சியகக் கலைஞர் அமைத்த சீமெந்துத் துப்பாக்கி 1911இற் காப்புரிமை பெற்றது. விரும்பிய வளைவுகளிற் கொங்கிறீற்றை விசிறவல்ல இம்முறை இரண்டாம் உலகப்போரின் பின்னர் கலிபோர்ணியாவிற் பெரிதும் பரவிற்று. எனினும் கற்சுவர் முறை மறையவில்லை. விசிறும் முறைக்குப் பொறியும் தேர்ந்த குழுவும் வேண்டும். கற்சுவருக்கோ ஒரு மேசனும் உதவியாளும் போதுமாயினர்.

ஆயினும், தொழில்நுட்பம் மட்டுமே வீட்டு நீச்சற்குளத்தைப் பெருக்கிற்று என்பது முழு உண்மையன்று. ஐக்கிய அமெரிக்காவில் 1930களில் அரசாங்க நிதியைக் கொண்டு பொதுநீச்சற்குளங்கள் பல எழுந்தன. நியூயோர்க் நகரில் மட்டும் 1936ஆம் ஆண்டில் 11 பெருங்குளங்கள் திறக்கப்பட்டன. ஆனால் அங்கு பல நகரங்களின் குளங்களிற் கறுப்பின மக்களுக்கு இடமளிக்கப்படவில்லை. 1949இல் சென் லூயிஸ் நகரில் ஒரு பொதுக்குளம் அவர்களுக்கும் திறக்கப்பட்டபோது கலவரம் மூண்டது. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரசபை, யாவரையும் ஒருங்கே அனுமதிப்பதினும் தன் குளங்களை மூடிவிடுதலையே தெரிந்துகொண்டது. 1971இல் நாட்டின் உச்சநீதிமன்றம் அம்மூடலை அரசியலமைப்புக்கு முரணானதெனக் கொள்ளவில்லை. இக்காலப்பகுதியிலேயே புறநகர் வீடுகளின் பின்முற்றங்களில் நீச்சற்குளங்கள் பெருகின. பெருகிய வருமானமும் மலிந்த கட்டடமுறையும் இதற்குக் காரணங்களே. எனினும், பொதுநீரைப் பகிர விரும்பாதோர் தமக்கெனத் தனிநீரைத் தேடிக்கொண்டமையும் இவற்றோடு சேர்த்து எண்ணப்படல் வேண்டும்.

எனவே இச்சுவரின் வரலாறு இருமுகங் கொண்டது. பேரரசர்க்கே உரியதாயிருந்த ஓர் இன்பத்தைச் சாதாரண மேசனின் கைத்திறனுக்குள் கொண்டுவந்தமை அதன் ஒருமுகம். எல்லார்க்கும் பொதுவாயிருந்திருக்கக்கூடிய நீரை வேலிக்குட் பிரித்தமை மறுமுகம். சுவர் எத்தனை தொன் விசையைத் தாங்கும் என்பதைப் பொறியியல் கணித்துக் கூறும். அச்சுவருக்கு அப்பால் நிறுத்தப்பட்டோர் யாவர் என்பதை வரலாறே வினவுதல் வேண்டும்.