வானம் பாராத நிறம்

மழை பொய்க்கும்போது மனிதரின் நிறம் பார்த்துப் பொய்ப்பதில்லை. ஆறு கரை புரளும்போது, இது வெள்ளையர் வயல், இது கறுப்பர் வயல் என்று வகை பிரித்துப் பாய்வதில்லை. ஆனால், பாழான பயிருக்கு ஈடு தர அரசு பணப்பெட்டியைத் திறந்தபோது, அந்தப் பணம் நிறம் பார்த்தது! நடந்த இடம், சுதந்திர தேவியின் சிலையை வாயிலில் நிறுத்தியிருக்கும் அமெரிக்க நாடு.

1865-ஆம் ஆண்டு, அடிமை விலங்கு ஒடிந்த வேளையில், படைத்தலைவர் ஷெர்மன் தென்பகுதிக் கடலோர நிலத்தைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு 40 ஏக்கர் வரை பிரித்தளிக்க ஆணையிட்டார். அதே ஆண்டிலேயே குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அதனைப் பழைய பண்ணையார்களிடம் திருப்பிக் கொடுக்கச் செய்தார். அதன் பின்னும் அம்மக்கள் உழைத்தனர், காசு சேர்த்தனர், காணி வாங்கினர். 1920-இல், குத்தகையாளரையும் சேர்த்து, கறுப்பின உழவர் 9 லட்சத்துக்கு மேல். 1990-களிலோ 20 ஆயிரத்துக்கும் கீழ்! நகரத்துத் தொழிற்சாலை அழைத்தது, இயந்திரம் ஏரை விரட்டியது என்பர். உண்மைதான். ஆனால் அவை வெள்ளை உழவருக்கும் இருந்தனவே! அவர்கள் இத்தனை வேகமாகக் கரையவில்லையே, ஏன்?

விடை கவுண்டி எனப்படும் வட்டாரத்தின் அலுவலகத்தில் இருக்கிறது. 1930-களில் இருந்தே, உழவர் உதவித் திட்டங்களை நடத்த உள்ளூர் உழவரே தேர்ந்தெடுக்கும் குழுக்கள் அமைந்தன. கேட்க இனிக்கும் மக்களாட்சி! ஆனால் தென்மாநிலங்களில் குழு என்றால் வெள்ளைப் பண்ணையார்தாம். 1964-இல் மிசிசிப்பியில், இளைஞர்கள் ஊர் ஊராகச் சென்று கறுப்பின உழவரை அத்தேர்தலில் நிறுத்தினர். மிரட்டலும் அடியும் சிறையும் அவர்களுக்குப் பரிசாயின.

1996-இல் நாடெங்கும் இருந்த குழு உறுப்பினர் 8,147 பேர். அவர்களுள் கறுப்பினத்தார் 37 பேர்! விளைவு என்ன? தென்கிழக்கு மாநிலங்கள் சிலவற்றில், கறுப்பின உழவரின் விண்ணப்பம் நகர, வெள்ளையர் விண்ணப்பத்தைப்போல் மூன்று மடங்கு காலம் பிடித்தது. விதைப்புக்குக் கேட்ட கடன் அறுவடைக்கு வந்தால் யாருக்குப் பயன்? பயிர் அழிவுக்கான ஈட்டுத்தொகையில் 97 விழுக்காடு வெள்ளையருக்கே சென்றது, கறுப்பினத்தாருக்கு 1 விழுக்காடும் சேரவில்லை என்று, வேளாண்மைத் துறையே அமர்த்திய ஆய்வு 1990 முதல் 1995 வரையிலான கணக்கைப் பார்த்துக் கூறிற்று. முறையிட்டால் என்ன? முறையீட்டை விசாரிக்கும் பிரிவையே 1983-இல் கலைத்துவிட்டிருந்தனர்!

வறட்சியைத் தெய்வச் செயல் என்பர் பக்தர்கள். இருக்கட்டும், ஈட்டுத்தொகைப் பட்டியலை எழுதிய தெய்வம் எது? எழுதியவை மனிதக் கைகள். ஆகவேதான் மனிதர்கள் எதிர்த்து வழக்காட முடிந்தது. 1997-இல் வடகரோலினா உழவர் திமோதி பிக்ஃபோர்டும் தோழர்களும் நீதிமன்றம் ஏறினர். 1999 ஏப்ரலில் நீதிபதி பால் ஃபிரீட்மன் உடன்பாட்டை ஏற்றார். 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இழப்பீடு பெற்றனர்; பெரும்பாலோருக்குத் தலா 50 ஆயிரம் டாலர். காலக்கெடு தாண்டியதெனத் தள்ளப்பட்டோரோ 60 ஆயிரத்துக்கும் மேல்! அவர்களுக்காக 2010-இல் 125 கோடி டாலருக்கு மற்றோர் உடன்பாடு தேவைப்பட்டது.

பணம் வந்தது, ஏலத்தில் போன நிலம் வரவில்லை. அந்த நிலத்தோடு போன தலைமுறையின் வாழ்வும் வரவில்லை.

தோழர்களே! சட்டத்தில் எங்கும் 'கறுப்பருக்கு இல்லை' என்று எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையே எழவில்லை. பங்கிடும் இடத்தில் அவர்கள் இல்லை என்பதே போதுமானதாக இருந்தது. பரிமாறும் கரண்டி பகைவர் கையில் இருந்தால், பந்தியில் இலை போட்டு என்ன பயன்? திட்டம் நல்லதா என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அதனைப் பங்கிடும் குழுவில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்றும் கேட்போம். பிரதிநிதித்துவம் என்பது பதவி ஆசையன்று. பசித்தவன் இலைக்குச் சோறு வந்து சேரும் வழி அது!