சுண்ணாம்புக் கம்பமும் கோல்மன் தெருவும்

சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு படம் இருக்கிறது. ஹைன்ரிஷ் லாய்டெமான் என்ற ஜெர்மானிய ஓவியர் வரைந்தது. காட்டிலிருந்து புலி பாய்கிறது. நில அளவைக் கருவி சாய்கிறது. சுற்றி நின்றவர்கள் சிதறி விழுகிறார்கள். 1835இல் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவம். அளவை எடுத்துக்கொண்டிருந்தவர் ஜார்ஜ் ட்ரம்கூல் கோல்மன். கூட இருந்தவர்கள் இந்தியக் கைதிகள்.

முதல் தடவை எல்லாரையும் போல நானும் புலியைத்தான் பார்த்தேன். அப்புறம்தான் விழுகிறவர்கள் கண்ணில் பட்டார்கள். இவங்க யாரு?

கோல்மனைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. 1795இல் அயர்லாந்தின் ட்ரோஹெடாவில் பிறந்தவர். அப்பா கட்டுமானப் பொருள் வியாபாரி. இருபது வயதில் கப்பலேறிக் கல்கத்தா வந்து வீடுகள் கட்டிக்கொடுத்தார். பிறகு பட்டாவியா. 1822இல் சிங்கப்பூர் வந்து ராஃபிள்ஸுக்குக் குன்றின்மேல் வீடு வடிவமைத்தார். மறுபடி ஜாவா போய், 1826இல் இங்கேயே வந்து தங்கினார். இன்று ஆர்ட்ஸ் ஹவுஸ் எனப்படும் பழைய நாடாளுமன்றக் கட்டடம் அவர் கட்டிய வீடாகத் தொடங்கியதுதான். ஹில் ஸ்திரீட்டின் ஆர்மீனியத் தேவாலயமும் அவர் வடிவமைத்தது.

குடும்பக் கதையும் கிடைக்கிறது. தக்கூஹி மானுக் என்ற ஆர்மீனியப் பெண்ணோடு வாழ்ந்தார். மேடா எலிசபெத் என்று ஒரு மகள். 1841இல் ஐரோப்பா திரும்பியவர், மறு வருடம் மரியா ஃபிரான்சிஸ் வெர்னனைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆனால் அங்கே இருப்புக் கொள்ளவில்லை. 1843 கடைசியில் மனைவியோடு இங்கே வந்துவிட்டார். மகன் பிறந்தான். 1844 மார்ச் 27இல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். பிழைக்க வந்த ஊர் சொந்த ஊராகிப்போவது நமக்குத் தெரியாத கதையா என்ன?

அதனால் கோல்மன்மேல் எனக்குக் கோபமில்லை. அவருடைய நாடும் அன்றைக்கு லண்டனுக்குக் கீழேதான் இருந்தது. ஆனால் 1833இல் பொதுப்பணிகளின் தலைமைப் பொறுப்போடு கைதிகளை மேய்க்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1824 ஒப்பந்தப்படி பென்கூலன் டச்சுக்காரர்களுக்குப் போனதும், அங்கிருந்த கைதிகளை 1825 ஏப்ரலில் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். முதலில் வந்த 80 பேர் மதராஸிலிருந்து நாடு கடத்தப்பட்டவர்கள். பின்னாலேயே வங்காளத்துக்காரர்கள் வந்தார்கள். இப்படி வந்த கைதிகளை வைத்துத்தான் கோல்மன் கடலோரத்தைத் தூர்த்தார், நார்த் பிரிட்ஜ் சாலையையும் சவுத் பிரிட்ஜ் சாலையையும் போட்டார். அவர் அளந்தார்; இவங்க வெட்டினாங்க, சுமந்தாங்க. அவர் பெயர் ஒரு தெருவுக்கு இருக்கிறது. ஆயுள் கைதிகளுக்கோ, 1849இல் அந்த வழக்கம் ஒழியும்வரை, செய்த குற்றத்தை நெற்றியிலேயே பச்சை குத்தி அனுப்பினார்கள்.

கோல்மனுக்குப் பிறகும் வேலை நிற்கவில்லை. 1862இல் அர்ச்சிக்கப்பட்ட புனித ஆண்ட்ரூ பேராலயம் கைதிகளின் கைவேலை. அதன் சுவர்ப்பூச்சு மதராஸ் சுண்ணாம்பு. அதன் பக்குவத்தைக் கைதிகளை நிர்வகித்த மெக்நேர் எழுதி வைத்திருக்கிறார்: கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, வெல்லம், தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர். அரைத்துப் பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றுவது. செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும்.

இதில் நம் பங்கு மறதியும் உண்டு. 1819இல் ராஃபிள்ஸோடு வந்து, செங்கல் சூளை போட்டு, மாரியம்மன் கோயிலுக்கு அடித்தளமிட்ட நாராயண பிள்ளையை எல்லா மேடையிலும் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் கைதிகளை யாரும் முன்னோர் என்று சொல்வதில்லை. வியாபாரி தாத்தா பெருமை. விலங்கு போட்ட தாத்தா வெட்கம். அவர்களில் பலர் தண்டனை முடிந்தும் ஊர் திரும்பாமல் இங்கேயே வேலை தேடிக்கொண்டு தங்கினார்கள். நம் கதையும் அவர்களிலிருந்துதானே ஆரம்பிக்கிறது?

தேக்காவில் அவர்களைத் தேட ஒரு இடம் இருக்கிறது. சிராங்கூன் சாலையின் வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய ஆட்கள் சுண்ணாம்புக் கம்பம் கோயில் என்பார்கள். கம்பம் என்பது மலாய் மொழியின் கம்போங், கிராமம். அந்தப் பக்கம் செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. அங்கே உழைத்தவர்களில் கைதி யார், கூலி யார் என்று இன்றைக்குப் பிரிக்க முடியாது. ஆள் பெயர் மிஞ்சவில்லை. அவர்கள் கையில் ஒட்டியிருந்த பொருளின் பெயர் மிஞ்சியது. இப்போது அந்தப் பெயரும் தேய்கிறது. என் வயதுக்காரர்களிடம் கேட்டால், “அது எங்கே இருக்கு?” என்கிறார்கள்.

ஒவ்வொரு வருடமும் தீமிதிக்கு பக்தர்கள் சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலுக்கு நடக்கிறார்கள். சுண்ணாம்பு வெந்த சாலையில் தொடங்கி, கைதிகள் போட்ட சாலையில் முடிகிற நடை. அடுத்த தடவை போகிறவர்கள் குனிந்து ஒருமுறை தரையைப் பாருங்கள்.