மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் வண்டிகள்

மோட்டார் வண்டிப் பிரியர் இருவர் ஓரிடத்திற் கூடுவாராயின், அவர்தம் உரையாடல் எளிதில் முடிவதன்று. ஒருவர் தம் வண்டிக்குப் புதிதாகப் பூட்டிய விளக்கைப் புகழ்வர். மற்றவர் அது கலியாணப் பந்தலுக்கே பொருந்தும் என நகையாடுவர். ஒருவர் தம் வானொலிப் பெட்டியின் ஓசையை வியப்பர். மற்றவர் எஞ்சினின் இரைச்சலை மறைக்க அது வேண்டியதே என்பர். கேட்போர் இதனை வீண்பேச்சென ஒதுக்குதல் இயல்பு. ஆயினும் அக்கூட்டத்தில் முதியோர் சிலர் இருப்பின், தட்டுப்பாட்டுக் காலத்தில் எதனைக்கொண்டு வண்டியை ஓட்டினோம் என்னும் கதைகள் வெளிப்படும். அவை நம் நாட்டுப் பொருளாதார வரலாற்றின் ஒரு பகுதியாகும் என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இலங்கைக்கு முதல் மோட்டார் வண்டி 1902இல் வந்ததென்பர். தொடக்கத்தில் அது ஆங்கிலேயத் துரைமாருக்கும் உள்ளூர்ச் செல்வருக்குமே உரியதாயிருந்தது. இரண்டாம் உலகப்போரின் பின்னர் நிலை மாறிற்று. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 வண்டியும், 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர் வண்டியும் மருத்துவர், ஆசிரியர், வணிகர் முதலிய நடுத்தர வகுப்பாரின் வீட்டு முற்றங்களை எய்தின. யாழ்ப்பாணத்தில் வாடகை வண்டிகளாகவும் இவையே பெரிதும் ஓடின.

1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக வண்டி இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977ஆம் ஆண்டுத் தேர்தலின் பின்னரே அக்கட்டு தளர்ந்தது. இடைப்பட்ட காலத்திற் புது வண்டி கிடைப்பது அரிதாகவே, பழைய வண்டியைப் பேணுதல் ஒரு கலையாயிற்று. ஒரு வண்டியின் உறுப்பு மற்றொன்றிற் குடியேறிற்று. கிடையாத உறுப்பு கடைசற் பட்டறையிற் பிறந்தது. பொரளையிலிருந்து மருதானை வழியே செல்வோர் அணித்தே காணும் பஞ்சிகாவத்தை, பழைய உறுப்புக்களின் சந்தையாக இன்றும் நாடெங்கும் பெயர் பெற்றுள்ளது. அங்கு உறுப்பொன்றைத் தேடிச் செல்பவன் ஒரு மணிநேர வாதத்தையும் உடன் பெற்றே மீள்வான்.

எனினும், இக்கலை மிகக் கடிய சோதனைக்குள்ளானது வடக்கிலேயாம். 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின், பெற்றோல், டீசல், மின்கலம் முதலியன வடக்கிற்குச் செல்வது தடுக்கப்பட்டது. குடாநாட்டில் இந்நிலை பல ஆண்டுகள் நீடித்தது. வன்னியில் 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கை வரை தொடர்ந்தது. மின்சாரமும் அற்றுப்போக, துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர் மக்கள். விளக்கெரிக்கும் மண்ணெண்ணெயே, தட்டுப்பாட்டோடும் விலையேற்றத்தோடும், மோட்டார் வண்டிகளுக்கும் உணவாயிற்று.

இது எவ்வாறு இயன்றது? பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிக் காற்றொடு கலக்கும். மண்ணெண்ணெயோ சூடேறினாலன்றி நன்கு ஆவியாகாது. ஆதலால், சிறு போத்தலிற் பொன்போற் காத்த பெற்றோலிற் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்பினர்; அது சூடேறியதும் மண்ணெண்ணெயைப் பாயவிட்டனர். முறை புதியதன்று. 1917இல் வெளிவந்த போட்சன் உழவு இயந்திரமும் பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் உழுததே. மேலும், மண்ணெண்ணெய் மிகுந்த அமுக்கத்திற்கு உட்படின் ஒழுங்கின்றித் தானே வெடித்து எஞ்சினைத் தட்டும். ஒஸ்ரின் ஏ40 எஞ்சினின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7:1 ஆகலின், அது இக்குறையைப் பொறுத்துக்கொண்டது. 10:1 அளவினவாகிய இக்கால எஞ்சின்கள் பொறுக்கமாட்டா. பழைமை என்று இகழப்பட்டதே ஈண்டுப் பயன்பட்டதென்க.

இதற்குக் கொடுத்த விலையும் உண்டு. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும்; தீப்பொறிச் செருகிகளிற் கரி படியும்; தேய்மானம் விரையும். கரும்புகையும் நெடியும் சொல்லுந்தரமன்று. யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்கள்; அந்நாளில் வண்டிக்கு முன்னே வந்தது அதன் நெடியே. ஆயினும், நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றதும், இடம்பெயர்ந்தோரின் மூட்டைகளைச் சுமந்ததும் அவ்வண்டிகளே. வேண்டிய வேளையில் எஞ்சின் கிளம்புமா என்பது ஓர் உயிரின் வினாவாயிருந்த காலம் அது.

2020 மார்ச்சில் வண்டி இறக்குமதி நாடு முழுவதற்கும் மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு அத்தடை 2025இன் தொடக்கத்திலேயே நீங்கிற்று. 2022இற் கொழும்பின் எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்காகக் காத்துநின்ற இளைஞர் பலர், இத்தகைய நெருக்கடி நாட்டில் முன்னர் நிகழ்ந்ததேயில்லை எனக் கருதினர். வடக்கின் அனுபவம் அவர்க்கு எட்டாமையே அதற்குக் காரணம்.

போர்களையும் உடன்படிக்கைகளையும் ஏடுகள் பேணும். மண்ணெண்ணெயில் எஞ்சினைக் கிளப்பிய கைவினைஞரின் அறிவோ பெரும்பாலும் பேச்சிலேயே வாழ்கின்றது. பேசுவோர் மறைய அதுவும் மறையும். எனவே, வரலாறு பயிலும் மாணவர் விடுமுறையில் தத்தம் ஊர்க் கராஜ் ஒன்றிற்குச் சென்று, முதியோர் சொல்வதைத் தேதியோடும் வண்டியின் பெயரோடும் எழுதிவைப்பாராக. அங்குக் கேட்கும் நகைச்சுவையையும் விடாது எழுதுக. துன்பத்தை அம்மக்கள் எவ்வாறு கடந்தனர் என்பதற்கு அதுவும் ஒரு சான்றேயாம்.